படுத்துப் போகும் இருக்கை

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். அலாரம் வைப்பதில்லை. கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டுப் பல் துலக்குவேன். கெட்டில் தானாக அணையும் சத்தம் கேட்கும்போது வாய் கொப்பளித்து முடித்திருப்பேன். காபிக்குச் சர்க்கரை கிடையாது. கோப்பையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து, கணினியைத் திறந்து, எந்தெந்த விமானங்களில் பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் மலிவாக இறங்கியிருக்கின்றன என்று பார்ப்பேன். ஏழு மணிக்குக் குளியல். ஏழே முக்காலுக்குப் பேருந்து.

இன்றும் இதே வரிசைதான். ஆபீஸுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி இங்கே வந்துவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

விடியற்காலையில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. விற்காமல் கிடக்கும் இருக்கைகளை விமான நிறுவனங்கள் அந்த நேரத்தில்தான் கீழ் விலைக்குத் தள்ளிவிடும். ஒரு விமானத்தில் இரண்டு, மூன்று. பத்து மணிக்கு உலகம் விழித்துத் தேட ஆரம்பிக்கும்போது அவை இருக்காது. உங்களுக்கும் ஒருநாள் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன்: வெள்ளி, ஞாயிறுகளைத் தொடாதீர்கள். செவ்வாய், புதனில் பாருங்கள். நேராகப் போகும் விமானத்தைக் கேட்காதீர்கள். நடுவில் ஓரிடத்தில் இறங்கி, ஐந்து மணி நேரம் காத்திருந்து வேறு விமானம் ஏறச் சம்மதித்தால் பாதிக்குப் பாதி குறையும். சில சமயம் சொந்த ஊரிலிருந்து புறப்படுவதைவிட, பக்கத்து நாட்டுக்குப் போய் அங்கிருந்து புறப்படுவது மலிவு. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு பேர் படுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் கொடுத்ததில் கால்வாசிதான் மற்றவர் கொடுத்திருப்பார். அந்தக் கால்வாசிக்காரரை அங்கே படுக்க வைப்பதுதான் என் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறேன். எங்கள் டிராவல்ஸில் என்னை மெத்தை என்று கூப்பிடுவார்கள்.

நான் இரண்டு முறைதான் விமானம் ஏறியிருந்தேன். இரண்டு முறையும் கழிவறைக்கு முந்தைய வரிசை. பெரிய விமானங்களில் வாசலில் நிற்கும் பணிப்பெண் நம் போர்டிங் பாஸைப் பார்த்துக் கையால் வழி காட்டுவாள். இடப்பக்கம் காட்டினால் பிசினஸ். வலப்பக்கம் காட்டினால் நாம்.

என் மனைவிக்கு இது தெரியும். "ஊருக்கெல்லாம் மெத்தை. வீட்டுல மட்டும் ஸ்பிரிங் போன கட்டில்" என்பாள். ஐந்தாவது கல்யாண நாளுக்கு இருவரும் எங்கேயாவது இடப்பக்கம் திரும்பிப் போவது என்று பேசி வைத்திருந்தோம். எங்கே என்று முடிவு செய்யவில்லை. எங்கே என்பது முக்கியமாகவும் இல்லை.

அவள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். போன வருடம் அங்கே மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்த பிறகு கெண்டைக்கால் வீங்கியது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். சரியாகிவிட்டது. நடக்கும்போது நன்றாகத்தான் நடந்தாள். சாயங்காலத்தில் மட்டும் சோபாவின் கைப்பிடி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிய இயந்திரம் வாங்கினார்கள். அதைச் செய்த நிறுவனம் இரண்டு பேருக்கு மூன்று வாரம் பயிற்சி தருவதாகச் சொன்னது. இருபது மணி நேரப் பயணம். கூடத்தின் இயக்குநர் ஒருவர். இன்னொரு இடத்துக்கு ஏழு பேர் விண்ணப்பித்து, இவளைத் தேர்ந்தெடுத்தார்கள். கற்றுக்கொண்டு வந்தால் அந்தப் பிரிவே இவள் கையில். அந்தச் செய்தியை எனக்குச் சொன்னபோது ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்த பிறகும்.

மருத்துவரிடம் இருவரும் போனோம். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே பேசினார்.

"போகலாம்மா. ஆனா உட்கார்ந்துக்கிட்டு இல்ல, படுத்துக்கிட்டு. கால் நீட்டியே இருக்கணும். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும். அது முடியாதுன்னா போகாதே. ட்ரெய்னிங் அடுத்த வருஷமும் வரும்."

"சாதாரண சீட்டுல நடுநடுவுல நடந்துக்கிட்டா போதாதா டாக்டர்?"

"உனக்குப் போதாது. திரும்பக் கட்டி, அது நெஞ்சுக்குப் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதானே டிக்கெட் போடறவர்? அப்ப இது உங்க பொறுப்பு."

சரி என்றேன். விமான நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். படுத்துச் செல்லும் இருக்கையில் மட்டுமே பயணம் செய்யலாம் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தின் நகல்தான் உங்கள் கையில் முதல் தாள்.

அலுவலகம் எகானமிக்குத்தான் பணம் தரும், இயக்குநருக்கும் சேர்த்து. மீதியை அவரவரே போட வேண்டும். மீதி எங்களால் முடிகிற அளவில் இருக்க வேண்டும். எனவே தேடினேன். பதினெட்டு நாள் காலையில் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் கிடைத்தது. இரண்டு விமானம், நடுவில் ஐந்து மணி நேர இடைவெளி. இரண்டிலும் முன்பக்கம் சரியாக இரண்டு இருக்கைகள், நான் ஒன்பது வருடத்தில் பார்க்காத விலையில்.

அவளைப் போய் எழுப்பினேன். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்து திரையைப் பார்த்தாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் இருக்கும்.

"ரெண்டு இருக்காப்பா?"

"ரெண்டு."

"அப்ப சாருக்கும் போட்டுடு."

அந்த இரண்டாவது இருக்கையை நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். மூன்று வாரம் லீவு சேர்ந்திருந்தது. அவள் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் நான் அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். காபி ஆறுவதற்குள் இவ்வளவும் நினைத்து முடித்திருந்தேன். சொல்லவில்லை. இருவர் பெயரையும் ஒரே புக்கிங்கில் போட்டேன். மருத்துவர் கடிதத்தில் இருந்ததை அவள் பெயருக்கு நேரே குறிப்பாகச் சேர்த்தேன்.

இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஐம்பத்திரண்டு வயது. தொப்பை. மீசைக்கு மட்டும் சாயம் பூசுவார். பொறாமைப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் போனில் பேசினால் அவள் சிரிப்பாள். என்னோடு இருக்கும்போதும் சிரிப்பாள், அது வேறு. அவரோடு பேசும்போது போனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், மூச்சு வாங்க. என்ன ஜோக் என்று பிறகு எனக்குச் சொல்வாள். சொல்லும்போது அதில் ஒன்றும் இருக்காது.

பொறாமை என்று நீங்கள் எழுதினால் மறுக்கமாட்டேன். ஆனால் வெளியே காட்டியதில்லை. அவரைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. போனை எடுத்துப் பார்த்ததில்லை. அவர் பேச்சு வந்தால் என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த விஷயத்தில் எனக்கு என் மேல் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

விமானத்தின் இருக்கைப் படத்தை எங்கள் திரையில் பார்க்கலாம். அந்த விலைக்கு ஒதுக்கியிருந்தது நான்காம் வரிசையின் நடுவில் உள்ள இரண்டு. மற்ற வரிசைகளில் நடு இருக்கைகளுக்கு இடையே ஒரு சின்ன மேசை அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். இந்த வரிசையில் மேசை வெளிப்பக்கம் போய், இருக்கைகள் இரண்டும் ஒட்டி வரும். படுத்தால் இரண்டு தலைக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு. அதையும் கீழே இறக்கலாம். எங்கள் தொழிலில் அதற்கு ஹனிமூன் சீட் என்று பெயர்.

பக்கத்து மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்று கூப்பிடுவோம். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன மெத்தை, கடைசியில உன் வீட்டுக்காரிக்கும் மெத்தை போட்டாச்சா? அடேங்கப்பா, ஹனிமூன் சீட்டா! நீயும் போறியா?"

"இல்ல. அவளோட டைரக்டர் போறார்."

"யாரு, அந்த மீசையா?" சிரித்தாள். "நல்ல மனசுய்யா உனக்கு. நானா இருந்தா நடுவுல ஒரு சுவரு எழுப்பியிருப்பேன்."

ரேடியோ கெட்டவள் இல்லை. அன்று சாயங்காலமே அதை மறந்திருப்பாள்.

அடுத்த வாரம் இயக்குநரே பாஸ்போர்ட்டோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். நான் நகல் எடுக்கும்வரை நின்றுகொண்டே பேசினார். "தம்பி, உங்க புண்ணியத்துல முதல் தடவையா விமானத்துல கால நீட்டப் போறேன். என் வீட்டம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? நீங்க விடற குறட்டையில அந்தப் பொண்ணு பாதி வழியில குதிச்சுடும்னு." ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை சூடாக இருந்தது.

அதன் பிறகு பைஜாமா. உங்களுக்கு இது அற்பமாகத் தெரியும். அந்த விமானத்தில் முன்பக்கம் போகிறவர்களுக்கு உடுத்திக்கொண்டு தூங்க ஒரு பைஜாமா தருவார்கள். அவள் ஒரு சாயங்காலம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அதன் வீடியோவைப் பார்த்தபடி அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சார், உங்களுக்கும் நீலம்தான், எனக்கும் நீலம்தான். ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கப் போறோம்." பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பு.

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கேட்டா எக்ஸ்ட்ரா ஒண்ணு தருவாங்களாம்பா. உனக்கு ஒரு செட் கொண்டு வரேன்."

சரி என்றேன். நான் தேடிப் பிடித்த இருக்கையிலிருந்து எனக்கு மிச்சம் வரப்போவது ஒரு பைஜாமா.

புறப்பட ஒன்பது நாள் இருந்தது. வியாழக்கிழமை. மதியம் ஒன்றே காலுக்கு ரேடியோ சாப்பிடப் போனாள். புக்கிங்கைத் திறந்தேன். இருவர் பெயரையும் இரண்டாகப் பிரித்தேன். அவர் பெயர் இருந்தபடியே இருந்தது. அவள் பெயரில் இருந்த பிசினஸ் இருக்கைகளை விட்டுவிட்டு, அதே விமானங்களில் எகானமியில் போட்டேன். நான்கு நிமிட வேலை. விட்ட இருக்கை இரண்டு நிமிடத்தில் யாருக்கோ போய்விட்டது. படத்தில் வெள்ளைக் கட்டம் சாம்பல் நிறமாவதைப் பார்த்தேன்.

முதலில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் இது கைத்தவறு என்று சொல்லியிருந்தேன். அவள் அவரைவிட நான்கு நாள் தாமதமாகத் திரும்பலாம் என்று நினைத்துப் பெயர்களைப் பிரித்ததாகவும், பிரித்தபோது அந்த மலிவு விலை உடைந்துவிட்டதாகவும், திரும்பப் பிடிப்பதற்குள் இருக்கை போய்விட்டதாகவும். இது நடக்கக்கூடியது. அந்த மாதிரி விலைகளில் இரண்டு விமானத்தையும் சேர்த்தே விற்பார்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கழன்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் ஒரு முறையாவது இப்படி யாரையாவது பின்பக்கம் அனுப்பியிருப்போம். அதனால் என் முதலாளி நம்பினார். விமான நிறுவனமும் நம்பியது. எனக்கு அந்தத் தவறு கடைசியாக நடந்தது எட்டு வருடத்துக்கு முன்னால்.

மருத்துவரின் குறிப்பு புதிய புக்கிங்குக்கு வராமல் விட்டுப்போயிற்று என்றும் சொன்னேன். அது வந்தது. வந்ததால்தான் அழிக்க வேண்டியிருந்தது. அது இருந்தால் கவுண்டரில் அவளை எகானமியில் ஏற்றமாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் கணினியில் எதை அழித்தாலும் அழித்த நேரமும் அழித்தவருடைய குறியீடும் தனியாகப் பதிவாகும். ஒன்று நாற்பத்தொன்று. என் குறியீடு. உங்களிடம் இருக்கும் கடைசித் தாளில் கீழிருந்து மூன்றாவது வரி. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. அந்த எழுத்துகளை யாரும் உங்களுக்குப் படித்துச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பிறகு இருக்கையைத் தேர்ந்தெடுத்தேன். நடைபாதை ஓரத்தில் ஆறு இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரத்தைப் போட்டேன். அவளுக்கு ஜன்னல் பிடிக்கும். இன்னொன்றும் எனக்குத் தெரியும். அவள் யாரையும் தொந்தரவு செய்யமாட்டாள். ஒரு தடவை பேருந்தில் பக்கத்தில் இருந்த அம்மா தூங்கிவிட்டார் என்று எழுப்பாமல், எங்கள் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் நடந்து வந்தாள். தூங்கும் இரண்டு பேரைத் தாண்டி மணிக்கு ஒரு தடவை அவள் எழுந்து நடக்கப்போவதில்லை. அந்தக் கட்டத்தை அழுத்தும்போது இது எனக்கு நினைவில் இருந்தது.

ரேடியோ திரும்பி வந்து, சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன்.

"விமானத்தை மாத்திட்டாங்க. சின்னது போட்டிருக்காங்க. முன்னாடி சீட் குறைஞ்சுடுச்சு. ஒருத்தருக்குத்தான் இருக்கு. அவர் பேரு முதல்ல இருந்துச்சு."

"சாருக்குப் போச்சா?"

"ஆமா."

"போகட்டும் விடு. பாவம், வயசான மனுஷன்."

அவளுக்கு ஒரு சின்னப் பொறாமை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அப்ப என் கால்?"

"டாக்டருங்க எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாங்க. தினம் எத்தனை பேர் போறாங்க. தண்ணி நிறையக் குடி. எழுந்து எழுந்து நட."

"ஜன்னல் போட்டிருக்கியே. வெளிய வரணும்னா ரெண்டு பேரைத் தாண்டணும்."

"உனக்குப் பிடிக்குமேன்னு போட்டேன்."

"பிடிக்கும்தான்." காலைக் கீழே இறக்கி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். "நான் போகாம இருந்துடவா? நீ சொல்லு. நீ வேணாம்னா இருந்துடறேன், சத்தியமா."

இந்த இடத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னைக் கேட்டாள். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் தனியாகப் போயிருப்பார், இவள் வீட்டில் இருந்திருப்பாள். பொறாமை மட்டும்தான் காரணம் என்றால் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்திருக்காது. அவள் இருபது மணி நேரம் அந்த விமானங்களில் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. விமான வாசலில் அவரை இடப்பக்கம் அனுப்பிவிட்டு, அவளுக்கு வலப்பக்கம் கை காட்ட வேண்டும். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

"போயிட்டு வா" என்றேன். "இந்த வாய்ப்பு திரும்ப வராது."

விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பை இரண்டையும் நானே தூக்கினேன். இயக்குநர் முன்னாடியே வந்து நின்றிருந்தார். அவர் முகம் சரியில்லை. "என்ன தம்பி இப்படி ஆயிடுச்சு. உங்களாலகூட ஒண்ணும் பண்ண முடியலையா?" என்றார். முடியவில்லை என்றேன். கவுண்டரில் அவளிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

முதல் விமானம் ஏழு மணி நேரம். இடையில் இறங்கியதும் அவள் ஒரு செய்தி அனுப்பினாள். கால் வீங்கியிருக்கிறது, ஷூவுக்குள் போகவில்லை, செருப்புப் போட்டுக்கொண்டேன் என்று. புகைப்படமும் இருந்தது. தண்ணீர் குடி என்று பதில் போட்டேன். அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை. என் போனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விமானம் ஏறும் வரிசையில் நின்றுகொண்டு போன் செய்தாள். அவரை முதலிலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள். முன்பக்கம் போகிறவர்களை முதலில் ஏற்றுவார்கள். இரண்டு நிமிடம் பேசினோம். அங்கேயே இருந்துவிடு, மருத்துவரைப் பார் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். இன்னும் ஒரு விமானம்தானே என்றேன்.

பதின்மூன்று மணி நேரத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் எழுந்தாள் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லியிருக்கிறார். தாங்கள் இருவரும் தூங்கியபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். விமானம் தரையில் நின்று, எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகு அவள் எழுந்தாள். நான்கு வரிசை நடந்தாள். அங்கே விழுந்தாள். இயக்குநர் வெளியே பெட்டிகள் வரும் இடத்தில் அவளுக்காகக் காத்திருந்தார். அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவளைக் கொண்டுவர நான் போனேன். விமான நிறுவனம் அனுதாபத்தோடு நடந்துகொண்டது. போக, வர எனக்கு முன்பக்கத்தில் இடம் கொடுத்தார்கள், இலவசமாக. திரும்பி வரும்போது இயக்குநரும் உடன் வந்தார். எங்களைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் நினைத்திருக்க வேண்டும். நான்காம் வரிசையின் நடுவில் உள்ள இரண்டும் எங்களுக்கு. வாசலில் பணிப்பெண் இடப்பக்கம் கை காட்டினாள். அவள் இருந்த பெட்டி எங்களுக்குக் கீழே சரக்கு அறையில் இருந்தது.

நீலப் பைஜாமா கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. நான் உடுத்திக்கொண்டேன். இருக்கை முழுக்க நீண்டது. நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்ததெல்லாம் உண்மைதான். கால் எங்கும் இடிக்கவில்லை. ஒன்பது மணி நேரம் தூங்கினேன். விழித்தபோது அவர் நான் தூங்கப் போனபோது இருந்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மீசையில் சாயம் போய் வெள்ளை தெரிந்தது.

"நான் இன்னும் கட்டாயப்படுத்தியிருக்கணும் தம்பி. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. முதலாளி, உன் தப்பு இல்லப்பா, கம்ப்யூட்டர் அப்படி என்றார். ரேடியோ இப்போது என்னோடு மெதுவான குரலில் பேசுகிறாள். என் மாமியார் வாரம் ஒரு தடவை வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். மச்சினன் ஒருநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்களையே திட்டிக்காதீங்க மாமா, நீங்க அக்காவுக்காக எவ்வளவு தேடினீங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்று அழுதான். நான் என்னைத் திட்டிக்கொள்ளவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை நின்றேன்.

ஏன் இப்போது வந்தாய் என்று கேட்டீர்கள். தூக்கம் வரவில்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நன்றாகத் தூங்குகிறேன். காரணம் வேறு. கடைசியாக அவள் என்னோடுதான் பேசினாள் என்பதால், என்ன சொன்னாள் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். "நான் நல்லா இருக்கேன், அம்மாவைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு" என்று சொன்னதாகச் சொன்னேன். அந்த நேரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்ல ஆரம்பித்தார். நேற்று மச்சினன் ஒரு தாளோடு வந்தான். அவள் படத்தைப் பெரிதாக்கி, அந்த வாக்கியத்தைக் கீழே எழுதி மாட்டப்போகிறார்களாம். மூன்று விதமான எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து, எது நல்லா இருக்கு மாமா என்றான். நான் இரண்டாவதைக் காட்டினேன். அவன் போன பிறகு, அவள் சொல்லாத ஒன்றை அவளுக்குக் கீழே வைத்து தினமும் பார்க்க முடியாது என்று தோன்றியது. மற்றதெல்லாம் என்னால் முடிகிறது.

எனவே முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். இருக்கையை மாற்றியது நான். கைத்தவறு இல்லை. படுத்துப் போகாவிட்டால் அவள் இறக்கலாம் என்று மருத்துவர் என் முன்னால்தான் சொன்னார். அது மறந்து போகவில்லை. மறந்திருந்தால் குறிப்பை அழித்திருக்கமாட்டேன். அவள் சாக வேண்டும் என்று விரும்பினேனா என்றால், இல்லை. இடப்பக்கம் திரும்பக்கூடாது என்று மட்டும்தான் விரும்பினேன். அதற்கு அவள் உயிர் போகலாம் என்று தெரிந்தபோது, போகட்டும் என்று இருந்துவிட்டேன். சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். நான் கொலை என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மனதில் இருந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அந்தப் போன் வரும்வரை நினைத்திருந்தேன். அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் நின்றிருந்தார்கள் போலிருக்கிறது, அவசரமாகப் பேசினாள். இன்னும் ஒரு விமானம்தானே என்று நான் சொன்னதற்கு, ஆமா என்றாள். பிறகு சொன்னது இது.

"சார் அவரு சீட்டை என்னை எடுத்துக்கச் சொன்னார்பா, மூணு தடவை சொல்லிட்டார். உனக்கு ஒரு மாதிரி இருக்கும்னு நான்தான் வேணாம்னுட்டேன்."